யோஷிதா ஹிரோஷியின் மர அச்சு ஓவியங்கள்: பெருமை ஓவியருக்கா, தொழிலாளிக்கா?

எழினி எழுதியது:

ஜப்பானிய ஓவியர் யோஷிதா ஹிரோஷி (1876–1950) பற்றி இம்மன்றத்தில் தனியாக ஓர் இழை இல்லை. ஹொகுசாய், ஹிரோஷிகே ஆகிய பழைய மர அச்சு ஓவியர்களைப் பற்றிய இழைகளில் அவர் பெயர் அவ்வப்போது வந்து போவதோடு சரி. அவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, எனக்குத் தீராமல் இருக்கும் ஒரு கேள்வியை உறுப்பினர்கள் முன் வைக்கிறேன்.

கியூஷு தீவின் குருமே நகரில் உவெதா என்ற குடும்பத்தில் பிறந்தவர் அவர். ஓவிய ஆசிரியரான யோஷிதா கசாபுரோ சிறுவனின் கைத்திறனைக் கண்டு சுவீகாரம் எடுத்துக்கொண்டதால் யோஷிதா ஆனார். கியோத்தோவிலும் பின்னர் தோக்கியோவிலும் அவர் பயின்றது மேற்கத்திய முறை ஓவியம்தான். அரசின் ஆதரவெல்லாம் பிரான்சில் பயின்று திரும்பிய குரோதா செய்கியின் அணிக்கே போய்க்கொண்டிருந்த அந்தக் காலத்தில், அந்த ஆதரவுக்காகக் காத்திராமல் 1899-ல் நண்பர் நகாகவா ஹாச்சிரோவோடு சொந்தச் செலவில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். டெட்ராய்ட் கலை அருங்காட்சியகம் இருவரின் நீர்வண்ண ஓவியங்களையும் காட்சிக்கு வைத்தது. அவை நன்றாக விற்றன. அதன்பின் கசாபுரோவின் மகளும் தேர்ந்த ஓவியருமான புஜியோவை உடன் அழைத்துக்கொண்டு 1903 முதல் 1907 வரை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சுற்றினார். ஊர் திரும்பிய ஆண்டே இருவரும் மணந்துகொண்டனர்.

இவ்வளவு காலமும் மர அச்சு அவருடைய துறையே அல்ல. 1920-ல்தான் வதனாபே ஷோசாபுரோ என்ற பதிப்பாளருக்காக முதன்முறை அதற்கென்று வரைந்தார். 1923 செப்டம்பர் 1 அன்று நேர்ந்த காந்தோ நிலநடுக்கத்தை அடுத்த தீயில் வதனாபேயின் கடையும், யோஷிதாவின் படங்களுக்கான பலகைகளும் அழிந்தன. நிலநடுக்கத்தால் நொடித்துப்போன சக ஓவியர்களின் படைப்புகளையும் தம்முடையவற்றையும் விற்றுக் கொடுப்பதற்காக மீண்டும் அமெரிக்கா சென்றவர், அங்கே எண்ணெய் ஓவியங்களைக் காட்டிலும் மர அச்சுகளை மக்கள் தேடி வாங்குவதையும், தரம் குறைந்த பழைய பிரதிகளுக்குக்கூட நல்ல விலை கிடைப்பதையும் கண்டார். 1925-ல் திரும்பியதும், ஐம்பதை நெருங்கிய வயதில், பதிப்பாளர் எவரையும் நாடாமல் சொந்தமாக ஒரு பட்டறையைத் தொடங்கினார். அடுத்த இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 250 அச்சுகள் அவர் பெயரில் வெளிவந்தன.

அவற்றின் ஓரத்தில் 'ஜிஜூரி' என்றொரு முத்திரை இருக்கிறது. தாமே அச்சிட்டது என்பது அதன் பொருள். ஆனால் அந்தப் பட்டறையில் செதுக்கவும் அச்சிடவும் சம்பளத்துக்குத் தொழிலாளர்கள் இருந்தனர். அப்படியானால் அந்த முத்திரையை எப்படி ஏற்பது?

---

பழைய அச்சகத்தார் எழுதியது:

நல்ல கேள்வி. அச்சுத்தொழிலில் இருந்தவன் என்ற முறையில் என் விடையை ஒளிவு மறைவின்றிச் சொல்கிறேன்: தாம் அச்சிடாததைத் தாம் அச்சிட்டதாக எவரும் முத்திரையிடக் கூடாது.

இந்தத் தொழில் எவ்வாறு நடக்கிறது என்பதை அறியாதவர்களுக்காகச் சிறிது விளக்குகிறேன். ஓவியர் மெல்லிய தாளில் கோட்டோவியம் ஒன்றைத் தருகிறார். செதுக்குபவர் அதை மலைச்செர்ரிப் பலகை மீது முகம் கவிழ்த்து ஒட்டி, கோடுகள் மட்டும் மேடாக நிற்கும்படி மற்றவற்றைத் தோண்டி எடுக்கிறார். அந்தப் பலகையிலிருந்து எடுத்த படிகளில் எந்த இடத்துக்கு எந்த வண்ணம் என்று ஓவியர் குறித்துத் தர, வண்ணத்துக்கு ஒன்றாக அடுத்தடுத்த பலகைகள் உருவாகின்றன. அச்சிடுபவர் நீரில் கரைத்த வண்ணத்தையும் அரிசிப் பசையையும் தூரிகையால் பலகையில் பரப்பி, ஈரப்பதமான தாளை அதன்மேல் பொருத்தி, மூங்கில் மடலால் போர்த்திய 'பாரென்' என்ற வட்டத் தேய்ப்பானால் அழுத்தித் தேய்க்கிறார். எந்திரம் எதுவும் கிடையாது. அழுத்தம் முழுவதும் தோளிலிருந்து வருகிறது.

தாளைப் பலகையில் பொருத்துவதற்கு 'கென்டோ' என்னும் இரு வெட்டுக் குறிகள் உண்டு. ஒன்று மூலைக்கு, மற்றொன்று விளிம்புக்கு. நாங்கள் நான்கு வண்ண பிளாக் அடித்த நாட்களில் ரிஜிஸ்டர் என்று சொன்னது இதைத்தான். நான்கு வண்ணத்துக்கே ரிஜிஸ்டர் தப்பாமல் காப்பது பெரும்பாடாக இருந்தது. நிக்கோவிலுள்ள யோமெய் வாயிலை யோஷிதா 1937-ல் அச்சாக்கியபோது ஒரே தாள் 96 முறை அழுத்தப்பட்டது. ஈரத்தில் விரிந்து, காய்கையில் சுருங்கும் தாளை 96 முறையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்திய கை யாருடையது? அந்தக் கைக்கு உரியவரின் பெயர் ஓரத்தில் இல்லை. அங்கே இருப்பது முதலாளியின் முத்திரை.

---

எழினி எழுதியது:

ஐயா, தொழில் விளக்கத்துக்கு நன்றி. ஆனால் பழைய ஜப்பானிய மர அச்சுகளான உக்கியோ-எ படங்களிலும் செதுக்கியவர் பெயரும் அச்சிட்டவர் பெயரும் பெரும்பாலும் இருந்ததில்லை. ஹொகுசாயின் கனகாவா பேரலையைச் செதுக்கியவர் யார் என்று நாம் கேட்பதில்லையே. யோஷிதாவிடம் மட்டும் ஏன் அதைக் கேட்க வேண்டும்?

---

பழைய அச்சகத்தார் எழுதியது:

ஹொகுசாய் தாமே அச்சிட்டதாக எங்கும் சொல்லவில்லை. சொன்னவரிடம்தான் கணக்குக் கேட்க முடியும்.

---

தூரிகை எழுதியது:

இருவரும் பேசுவதற்கு நடுவே, அக்காலத்து ஜப்பானில் இதே வழக்கு எவ்வளவு சூடாக நடந்தது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

வதனாபே நடத்தியது பழைய முறையின் மறுபிறப்பு. ஓவியர் வரைவார், செதுக்குபவர் செதுக்குவார், அச்சிடுபவர் அச்சிடுவார், மூவரையும் அமர்த்திப் பணம் போடுபவர் பதிப்பாளர். எந்தப் படம் வெளிவர வேண்டும், எத்தனை பிரதி, எந்த வண்ணம் என்பவற்றில் இறுதிச் சொல் அவருடையதே. கவாசே ஹசுய், இதோ ஷின்சுய் போன்ற பெரும் திறமையாளர்கள் இம்முறையில்தான் சிறந்தனர். இதையே 'ஷின்-ஹங்கா' என்றார்கள். அதற்கு நேர் எதிராக நின்றவர்கள் 'சோசாக்கு-ஹங்கா' அணியினர். 1904-ல் யமமோதோ கனாயே மீனவர் ஒருவரின் உருவத்தைத் தாமே வரைந்து, தாமே செதுக்கி, தாமே அச்சிட்டு வெளியிட்டார். அது அந்த அணிக்குத் தொடக்கப் புள்ளியானது. ஓன்ச்சி கோஷிரோ போன்றவர்கள் அதை முன்னெடுத்தார்கள். பிறர் கை பட்டால் அது கலை ஆகாது, வெறும் நகல் தொழில் என்பது அவர்களுடைய வாதம்.

யோஷிதா இந்த இரண்டு அணிகளிலும் அடங்கவில்லை. சோசாக்கு-ஹங்காக்காரர்கள் பிறர் உதவியை மறுத்ததன் விலையாக, அவர்களுள் பலரின் ஆரம்பகால அச்சுகள் தொழில்நுணுக்கத்தில் எளியவையாகவே இருந்தன. அந்த எளிமையையே அவர்கள் அழகாக மாற்றிக்கொண்டது வேறு கதை. யோஷிதாவுக்கு வேண்டியிருந்தது அந்த எளிமை அல்ல. நீர்வண்ண ஓவியத்தில் தாம் பிடித்த மூடுபனியையும், பனிமலைமேல் விழும் அதிகாலைச் சிவப்பையும் மரத்திலிருந்து எடுக்க விரும்பியவருக்கு நூற்றாண்டுகளாகக் கைமாறி வந்த தொழில்திறமை தேவைப்பட்டது. அதே வேளையில் பதிப்பாளரின் கட்டளைக்கு உட்படவும் அவருக்கு மனமில்லை. ஆகவே பதிப்பாளரின் நாற்காலியில் தாமே அமர்ந்தார். என் பார்வையில் அந்த முத்திரை முதன்மையாக வதனாபே போன்ற பதிப்பாளர்களை நோக்கிச் சொல்லப்பட்டது. தொழிலாளியின் பெயரை மறைப்பது அதன் நோக்கமாக இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

மேலும், அவர் மேற்பார்வை என்ற பெயரில் நாற்காலியில் சும்மா அமர்ந்திருந்தவர் அல்லர். செதுக்கவும் அச்சிடவும் தாமே கற்றுக்கொண்டார். ஓவியர் தொழிலாளர்களைவிடத் தொழிலை நன்கறிந்திருந்தால்தான் அவர்களை வழிநடத்த இயலும் என்பது அவருடைய கொள்கை. ஜப்பானிய மர அச்சு முறையைப் பற்றி 1939-ல் ஆங்கிலத்தில் அவர் வெளியிட்ட நூலைப் பார்த்தால், பலகை, தாள், பசை, தேய்ப்பான் எதையும் விட்டுவைக்காமல் ஒரு பட்டறைக்காரருக்கே உரிய கவனத்தோடு எழுதியிருப்பது தெரியும். தாளுக்குப் படிகாரமும் விலங்குப் பசையும் கலந்து பூசும் பக்குவம் வரை அவருக்குத் தெரியும்.

---

மலைநாடன் எழுதியது:

முத்திரைச் சண்டையில் படங்களை மறந்துவிட வேண்டாம். மலையேறுபவன் என்ற முறையில் எனக்கு யோஷிதா நெருக்கமானவர். ஜப்பானிய ஆல்ப்ஸ் மலைத்தொடரில் கோடை தோறும் ஏறி, உயரத்திலேயே தங்கி, வெளிச்சம் மாறுவதற்காகக் காத்திருந்து வரைந்தவர். அவருடைய இளைய மகன் 1926-ல் பிறந்தபோது ஹோத்தகா மலையின் பெயரைத்தான் ஹொதாகா என்று வைத்தார். அந்த ஆண்டிலேயே ஜப்பானிய ஆல்ப்ஸ் பற்றிய 12 அச்சுகள் வெளிவந்தன. புஜி மலையைப் பற்றிய பத்துக் காட்சிகளின் வரிசையும் அப்போதுதான் தொடங்கியது.

அடிவாரத்திலிருந்து மலையைப் பார்ப்பவர்கள் அதை ஒரு வடிவமாகக் காண்கிறார்கள். ஹொகுசாயின் சிவந்த புஜி அப்படிப்பட்ட ஒரு மகத்தான வடிவம். யோஷிதாவின் படங்களிலோ பார்ப்பவர் ஏற்கெனவே மேலே நிற்கிறார். காலடியில் மேகக் கடல், எதிரே இன்னொரு முகடு, முன்புறத்தில் கூடாரத்தருகே தீ மூட்டிக் குளிர்காயும் சிலர். அந்த உயரத்தில் தூரத்து மலைகள் எந்த அளவுக்கு வெளுத்துத் தெரியும் என்பதை அவர் சரியாக அறிந்திருந்தார். கறுப்புக் கோட்டால் மலையை வரம்பு கட்டாமல், வண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியே முகடுகளைப் பிரித்துக் காட்டினார். வண்ணத்துக்கு அடியில் சாம்பல் நிற அழுத்தங்களை முன்கூட்டியே கொடுத்து நிழலுக்கு ஆழம் ஏற்றுவது அவருடைய பட்டறையின் வழக்கம்.

பாய்ந்தோடும் காட்டாற்றைக் காட்டும் 1928-ஆம் ஆண்டின் பெரிய அச்சில் நீரைச் செதுக்கியது யோஷிதாவேதான். அச்சகத்தார் ஐயா அந்த ஒரு படத்தையாவது அவருக்கு விட்டுக்கொடுப்பார் என்று நம்புகிறேன்.

---

கடம்பவனம் எழுதியது:

நான் மதுரைக்காரி என்பதால் இந்த இழைக்குள் வந்தேன். யோஷிதா 1930-ன் இறுதியில் மூத்த மகன் தோஷியை உடன் அழைத்துக்கொண்டு இந்தியாவுக்கும் தென்கிழக்காசியாவுக்கும் புறப்பட்டார். தோஷிக்கு அப்போது 19 வயது. குழந்தைப் பருவத்திலேயே ஒரு கால் செயலிழந்தவர். இந்தப் பயணத்திலிருந்து 30-க்கும் மேற்பட்ட அச்சுகள் 1931-லும் 1932-லும் வெளிவந்தன. ரங்கூனின் ஷ்வேடகோன், சிங்கப்பூர், டார்ஜிலிங், கஞ்சன்ஜங்கா, காசியின் படித்துறைகள், அமிர்தசரசு பொற்கோயில், உதயப்பூர் அரண்மனை, அஜந்தா, எல்லோரா என்று நீளும் அந்த வரிசையில் மதுரைக் கோயிலும் இருக்கிறது. தாஜ்மகாலை மட்டும் பகல், இரவு, காலைப் பனி என்று ஆறு படங்களாகச் செய்திருக்கிறார்.

ஆனால் எங்கள் ஊர்ப் படத்தைக் காட்டிலும் என்னைக் கட்டிப்போட்டது பத்தேப்பூர் சிக்ரி. கல்லில் குடைந்த சாளரப் பின்னல் வழியாக வெளிச்சம் உள்ளே பாய்கிறது. வளைவுக்குக் கீழே இருவர் அமர்ந்திருக்கிறார்கள். தரையிலும் சுவரிலும் ஒரே தங்க மஞ்சள். எண்ணெய் வண்ணத்தில் இத்தகைய ஒளியைத் தீட்டுவது கடினமானாலும் வழி தெரிந்த வேலை. பலகையில் செதுக்கி, தாளை எத்தனையோ முறை தேய்த்து, இறுதியில் அந்தத் தாளே உள்ளிருந்து ஒளிர்வது போன்ற நிலைக்குக் கொண்டுவருவது எப்படி என்று எனக்குப் புரியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தியாவை வரைய வந்த வெளிநாட்டார் பலரும் கூட்டத்தையும் ஆடம்பரத்தையும் நாடிப் போனார்கள். யோஷிதாவும் பாம்பாட்டிகளை வரைந்திருக்கிறார். அந்தக் கவர்ச்சியிலிருந்து அவர் முற்றிலும் தப்பிவிட்டதாகச் சொல்ல மாட்டேன். எனினும் அவருடைய பெரும்பாலான இந்தியப் படங்களில் மனிதர்கள் தம் பாட்டில் தம் வேலையைப் பார்க்கிறார்கள். யாரும் பார்ப்பவருக்காக நிற்கவில்லை.

---

தூரிகை எழுதியது:

கடம்பவனம் அம்மா கேட்ட தங்க ஒளிக்கு என்னாலான விளக்கம்: மர அச்சில் வண்ணம் தாளின் மேல் படலமாக நிற்பதில்லை, இழைகளுக்குள் இறங்குகிறது. மல்பெரி நாரில் செய்த அந்தத் தாள் தடித்தது, வெண்மையானது. ஒளிபுகும் மெல்லிய வண்ணங்களைப் பல முறை ஏற்றும்போது அடியிலுள்ள வெண்மை முழுவதும் மறைவதில்லை. வெளிச்சம் வண்ணத்தைக் கடந்து தாள்வரை சென்று திரும்புகிறது. நீர்வண்ண ஓவியரான யோஷிதாவுக்கு இந்தக் கணக்கு இளமையிலிருந்தே பழக்கம். இதற்கு மேல், பலகையில் வண்ணத்தை ஈரத்தால் கரைத்து ஓரத்தில் மங்கவைக்கும் 'பொக்காஷி' முறை உண்டு. அது ஒவ்வொரு பிரதிக்கும் புதிதாகக் கையால் செய்யப்படுவதால் எந்த இரண்டு பிரதிகளும் முற்றிலும் ஒன்றாக இருப்பதில்லை.

பேச்சு இந்தத் திசையில் போகும்போது இன்னொன்றை விட்டுவிட்டால் நாம் அவரைப் புனிதராக்கிவிடுவோம். 1938 முதல் 1940 வரை, சீனா மீது ஜப்பான் படையெடுத்திருந்த காலத்தில், அவர் போர் ஓவியராக அங்கே அனுப்பப்பட்டார். போர் விமானங்களைப் போற்றும் எண்ணெய் ஓவியங்களையும் வரைந்தார். மலையுச்சியிலிருந்து நிலத்தைப் பார்க்கப் பழகிய அதே கண் இப்போது குண்டுவீசும் விமானத்தின் உயரத்திலிருந்து பார்த்தது. வாழ்க்கைக் குறிப்புகள் பலவும் இதை ஒரே வரியில் கடந்துபோவது எனக்கு உடன்பாடில்லை.

---

மலைநாடன் எழுதியது:

அந்தக் காலத்து ஜப்பானிய ஓவியர்களில் எத்தனை பேருக்கு மறுக்கும் வாய்ப்பு இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டாமா? வண்ணமும் துணியும் அரசு பங்கிட்டுக் கொடுத்த நாட்கள் அவை. போருக்குப் பின் ஆக்கிரமிப்புப் படையினரும் அவர்கள் குடும்பத்தாரும் தோக்கியோவில் அவர் வீட்டைத் தேடி வந்து அச்சுக்கலையைக் கற்றனர், படங்களையும் வாங்கினர். அவர்கள் அவரைக் குற்றவாளியாகப் பார்க்கவில்லை.

---

தூரிகை எழுதியது:

வாங்கியவர்கள் பார்த்தது அவருடைய மலைகளையும் படகுகளையும். விமானப் படங்களை எவரும் அந்த வீட்டில் மாட்டி விற்கவில்லை. நான் அவரைக் கூண்டில் ஏற்றவில்லை. அந்த மூன்று ஆண்டுகளும் வாழ்க்கைக் குறிப்பில் அவற்றுக்குரிய இடத்தைப் பெற வேண்டும் என்று மட்டுமே சொல்கிறேன்.

---

பழைய அச்சகத்தார் எழுதியது:

இழையின் முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். மலைநாடன் சொன்ன காட்டாற்றை அவருக்கே விட்டுக்கொடுத்துவிட்டேன். ஆனால் என்னைப் பொறுத்தவரை யோஷிதாவுக்கு ஆதரவான வலுவான சாட்சி அந்தப் படம் அல்ல. 1926-ல் செத்தோ உள்நாட்டுக் கடலைப் பற்றி வெளியிட்ட வரிசையிலுள்ள பாய்மரப் படகுகள்தான்.

அந்தப் படம் ஒன்றாகவும் ஆறாகவும் இருக்கிறது. ஒரே பலகைகளை வைத்துக்கொண்டு வண்ணங்களை மட்டும் மாற்றி விடியல், முற்பகல், பிற்பகல், மூடுபனி, மாலை, இரவு என்று ஆறு நேரங்களை அச்சிட்டிருக்கிறார்கள். அதற்கு முந்தைய ஆண்டே எகிப்தின் ஸ்பிங்க்ஸ், ஏதென்சின் அக்ரோபோலிஸ், சுவிட்சர்லாந்தின் மேட்டர்ஹார்ன் ஆகியவற்றைப் பகலாகவும் இரவாகவும் இவ்வாறு மாற்றிப் பார்த்திருந்தார். மூடுபனிப் படத்தில் பின்னாலுள்ள படகுகள் ஏறக்குறைய கரைந்துபோகின்றன. இரவுப் படத்தில் விளக்கின் ஒளி நீரில் நீள்கிறது. மரம் மாறவில்லை. மாறியது கலவை, ஈரம், அழுத்தம், வரிசை ஆகியவை மட்டுமே.

இதை அச்சிட்டவருக்குத் திறமை வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அச்சிடுபவர் தாமாக இந்த ஆறையும் கண்டுபிடித்திருக்க மாட்டார். ஒவ்வொரு நேரத்துக்கும் எந்தப் பலகையை விட்டுவிட வேண்டும், எதை இருமுறை அடிக்க வேண்டும், சாம்பல் எவ்வளவு என்று பக்கத்தில் நின்று சொல்ல ஒருவர் வேண்டும். அவர் தொழில் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும், அந்தக் கடலை நேரில் பார்த்தவராகவும் இருக்க வேண்டும். பதிப்பாளருக்கு வரைந்து கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகும் ஓவியரால் இது முடியாது. அதே வரிசையின் 'ஒளிரும் கடல்' படத்தில் நீரின் மினுமினுப்பை வட்ட உளியின் தடங்களாலேயே எடுத்திருக்கிறார்கள். இளவரசி டயானா தம் அலுவல் அறையில் மாட்டியிருந்ததாகப் பலரும் குறிப்பிடுவது இந்தப் படத்தைத்தான். வரையும்போதே உளி எப்படி நடக்கும் என்று அறிந்தவருக்குத்தான் அப்படிப்பட்ட கடல் தோன்றும்.

எனவே என் முடிவு இரண்டு பகுதிகள் கொண்டது. அந்தப் படங்களின் முழுப் பொறுப்பும் யோஷிதாவினுடையது என்பதை ஏற்கிறேன். அந்த முத்திரைக்குப் பக்கத்தில் செதுக்கியவர், அச்சிட்டவர் பெயர்களுக்கும் இடம் இருந்தது என்பதிலிருந்து மாற மாட்டேன். தாள் ஓரம் அகலமாகத்தான் இருக்கிறது.

---

எழினி எழுதியது:

ஐயாவின் இந்தப் பிரிப்பு எனக்கு ஏற்புடையது. அதை வைத்து ஒரு நடைமுறைக் கேள்வி. யோஷிதா 1950 ஏப்ரலில் மறைந்தார். பலகைகள் குடும்பத்திடமே இருந்ததால் அவருக்குப் பின்னரும் பிரதிகள் அச்சிடப்பட்டன. அவற்றை எப்படி மதிப்பது? விற்பனைத் தளங்களில் இரண்டும் கலந்தே காணப்படுகின்றன.

---

தூரிகை எழுதியது:

அடையாளம் காண்பது ஓரளவு எளிது. அவர் வாழ்ந்த காலத்தில் வெளிநாட்டுச் சந்தைக்குச் சென்ற பிரதிகளில் ஜிஜூரி முத்திரையோடு, கீழ் ஓரத்தில் பென்சிலால் ரோமன் எழுத்தில் அவரே இட்ட கையொப்பம் இருக்கும். பிற்காலப் பிரதிகளில் அந்தக் கையொப்பம் அச்சாகவே பதிந்திருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் பென்சிலின் பளபளப்பும் தாளில் அதன் பள்ளமும் தென்படாது. உள்நாட்டில் விற்ற அக்காலப் பிரதிகள் பலவற்றில் பென்சில் கையொப்பமே கிடையாது என்பதால், கையொப்பம் இல்லாத காரணத்தாலேயே ஒன்றைப் பிற்காலத்தது என்று ஒதுக்கிவிடவும் கூடாது. முத்திரை, தாள், வண்ணத்தின் ஆழம் ஆகிய மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

---

பழைய அச்சகத்தார் எழுதியது:

பிற்காலப் பிரதிகளைப் போலி என்று சொல்ல மாட்டேன். பலகைகள் அசல், தந்தையின் பட்டறையில் தொழில் பயின்ற தோஷி 1995 வரை இருந்தார். ஆனால் மேலே நான் சொன்ன அளவுகோலை நானே கைவிட முடியாது. பக்கத்தில் நின்று சாம்பல் எவ்வளவு என்று சொன்னவர் இல்லாத நிலையில் அடித்த பிரதி, எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், அச்சிட்டவருடைய வேலை. வாங்குபவர் அதற்குரிய விலையைக் கொடுக்கட்டும்; விற்பவர் ஆண்டைச் சொல்லி விற்கட்டும்.